இருபதுக்கு மேல் இல்லை

காலை ஒன்பது மணிக்குத் தீவு ஆஸ்பத்திரியிலிருந்து தங்கைக்குப் போன் வந்தது. பத்தடிப்பதற்குள் தோளில் ஒரு பையோடு விமான நிலையத்துக்கு ஓடி வந்துவிட்டாள். மூத்தவள் அப்போது வானிலைத் திரைக்கு முன்னால் நின்று காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தீவுக்குப் போகும் சின்ன விமானத்தைப் பதினோரு வருஷமாக ஓட்டுகிறவள் அவள்.

"அக்கா, அப்பாவுக்கு மூச்சு இழுக்குதாம். இன்னைக்குப் பொழுதைத் தாண்டுறதே கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார். எத்தனை மணிக்குக் கிளம்புறோம்?"

மூத்தவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கிளம்புறோமான்னே இன்னும் முடிவாகலடி."

தங்கைக்கு அது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. பையிலிருந்து அப்பாவின் கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிச் சட்டத்தைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டுப் போனவர், திரும்ப வாங்க வரவில்லை.

தீவின் ஓடுபாதை வடக்கு தெற்காகக் கிடக்கிறது. நீளமும் போதாது, இரண்டு முனையிலும் கடல், கிழக்கு ஓரத்தில் பாறை. அன்று காற்று மேற்கிலிருந்து, அதற்கு நேர் குறுக்கே வீசியது. பதினெட்டு நாட் வேகம். இடையிடையே வீச்சாக உதறிக்கொண்டு இருபத்துமூன்று. குறுக்குக் காற்று இருபத்தைந்து வரை இந்த விமானம் தாங்கும் என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் புத்தகத்தை எழுதியவருக்கு அப்பா சாகக் கிடந்திருக்க மாட்டார்.

மேனேஜர் வந்து மெதுவாகச் சொன்னார். "இன்னொரு பைலட் காய்ச்சல்ல படுத்திருக்கார். உங்களால முடியாதுன்னா சொல்லுங்க, ரத்து பண்ணிடலாம். யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க."

"பத்து நிமிஷம் கொடுங்க."

அவள் நேராக விமானக் கொட்டகைக்குப் போனாள். அங்கே மெக்கானிக் சக்கரத்தில் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் குறை மட்டுமே சொல்வார் என்பதால் எல்லோரும் அவரைப் 'புலம்பல்' என்று கூப்பிடுவார்கள். அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு விமானமும் நகராது.

"அப்பாவைப் பத்திக் கேள்விப்பட்டேன்," என்றார். "போறியா?"

"நிதானமா இருக்கேனான்னு எனக்கே தெரியல. அதனால உங்ககிட்ட சொல்லிட்டுப் போறேன். இருபது நாட், வீச்சு இருபத்தைந்து. அதுக்கு மேல இருந்தா இறக்க மாட்டேன். ரெண்டே தடவை முயற்சி. முடியலேன்னா திரும்பி வந்துடுவேன். மேல போய் நின்னுக்கிட்டு யோசிக்கப் போறதில்ல."

புலம்பல் அன்றைக்குப் புலம்பவில்லை. பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து, கொட்டகைச் சுவரிலேயே 20, 25, 2 என்று எழுதினார். "எழுதிட்டேன். திரும்பி வர்றதுக்கும், மேல ஒரு மணி நேரத்துக்கும் எண்ணெய் இருக்கு. போ."

பயணிகள் ஏழு பேர். கைக்குழந்தையோடு ஒரு தம்பதி, பள்ளி ஆசிரியைகள் மூன்று பேர், மீன் வியாபாரி ஒருவர், அப்புறம் தங்கை. "கடைசி வரிசையில உக்காரு" என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல், தங்கை அக்காவின் முதுகுக்குப் பின்னாலேயே வந்து உட்கார்ந்தாள்.

நாற்பது நிமிஷப் பயணத்தில் பாதி வரைக்கும் தொல்லையில்லை. அதன் பிறகு விமானம் குலுங்க ஆரம்பித்தது. மீன் வியாபாரி கண்ணை மூடிக்கொண்டார். கீழே கடல் முழுக்க வெள்ளை நுரை. தீவு தெரிந்ததும் தங்கை முன்னால் சாய்ந்து கத்தினாள்.

"அதோ ஆஸ்பத்திரி! அக்கா, மாடியில நீலத் தொட்டி தெரியுது பாரு!"

மூத்தவள் பார்க்கவில்லை. ரேடியோவில் காற்றைக் கேட்டாள். தீவு நிலையத்தில் காற்று அளந்து சொல்பவரை அவள் சின்ன வயதிலிருந்தே அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். அப்பாவோடு தினமும் சீட்டாடுகிறவர்.

"பத்தொன்பதும்மா. வீச்சு இருபத்துநாலு."

கோட்டுக்கு உள்ளேதான், மயிரிழையில். இறங்கத் தொடங்கினாள். காற்று தள்ளாமல் இருக்க மூக்கை மேற்கே திருப்பி, நண்டு நடக்கிற மாதிரி விமானம் பக்கவாட்டில் ஓடுபாதையை நோக்கிப் போனது. முப்பதடி உயரத்தில் மூக்கை நேராக்கி, மேற்குப் பக்க இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்தினாள். சக்கரம் இதோ தொடப்போகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு வீச்சு அடித்து, தாழ்த்திய இறக்கையை அப்படியே தூக்கிவிட்டது. மறு நொடி காற்று செத்தது. விமானம் கையிலிருந்து நழுவிய பாத்திரம்போலக் கீழே போனது. அபாய மணி அலறியது. கிழக்கே இருந்த பாறைகள் சன்னலுக்குள் வந்துவிடுகிற மாதிரி நெருங்கின.

அவள் கை தானாக எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளியது. ஒரு கணம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் விமானம் முனகிக்கொண்டு மேலே ஏறியது. பின்னால் குழந்தை வீறிட்டது. யாரோ வாந்தி எடுக்கும் சத்தம். தங்கையின் விரல்கள் அவள் இருக்கையின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தன.

ஒன்று முடிந்தது. அவள் கடலுக்கு மேல் பெரிய வட்டம் அடித்தாள். மறுபடி ஓடுபாதைக்கு நேராக வந்து காற்றைக் கேட்டாள்.

ரேடியோவில் கொஞ்சம் இடைவெளி விழுந்தது. "பதினெட்டும்மா. வீச்சு இருபத்திரண்டு. இப்ப அடங்கியிருக்கு, வந்துடு."

கேட்டதும் நெஞ்சு லேசானது. அப்பா எழுநூறு அடிக்குக் கீழே, ஒரு தெரு தள்ளிப் படுத்திருக்கிறார். இறங்கினால் ஐந்து நிமிஷ நடை.

ஆனால் கண் வேறு சொன்னது. ஓடுபாதை ஓரத்துக் கம்பத்தில் காற்று காட்டும் துணிப்பை கட்டை மாதிரி விறைத்து நின்று, நுனி மட்டும் துடித்தது. முதல் தடவை அது அப்படி நிற்கவில்லை. விமானத்தை நேராக வைக்க, மூக்கை முன்னைவிட இன்னும் அதிகமாகத் திருப்ப வேண்டியிருந்தது.

"அண்ணா, மீட்டரைப் பாத்துத்தான் சொல்றீங்களா?"

ரேடியோ பொத்தானை மறுபடி அழுத்தினாள்.

"அண்ணா. எங்கூட ஏழு பேர் இருக்காங்க. ஒரு கைக்குழந்தை இருக்கு. நிஜமான நம்பரைச் சொல்லுங்க."

இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் உடைந்து வந்தது. "இருபத்தேழும்மா. வீச்சு முப்பத்தஞ்சு."

அவள் உடனே எஞ்சினை ஏற்றி, விமானத்தை மேலே இழுத்தாள். ரேடியோவில் திரும்பிப் போவதாகச் சொன்னாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

தங்கைக்கு ரேடியோ கேட்காது. தீவு சன்னலில் பின்னால் நகர்வதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டாள்.

"எங்கடி போறே?" அக்காவை வாழ்க்கையில் முதல் தடவையாக 'டி' போட்டாள். "இன்னொரு தடவை சுத்து! அக்கா, ஒரே ஒரு தடவை. அப்பா அங்க கெடக்காரு, நீ முதுகைக் காட்டிட்டுப் போறியே!"

மூத்தவள் திரும்பவில்லை. திரும்பிப் பார்த்தால் கை என்ன செய்யும் என்று அவளுக்கே நிச்சயமில்லை.

கிளம்பிய இடத்து ஓடுபாதை நீளமானது, காற்றுக்கு நேரே போட்டது. பஞ்சுமேல் வைத்த மாதிரி இறங்கினாள். ஆசிரியைகளில் ஒருத்தி போகிறபோது அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். தங்கை பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தாள். புலம்பல் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, மூத்தவள் முகத்தைப் பார்த்தார்.

மாலை ஆறு ஐந்துக்கு அப்பா போய்விட்டார்.

மறுநாள் காலை கடல் எண்ணெய் தடவிய மாதிரி கிடந்தது. காய்ச்சல் விட்டிருந்த அந்த இன்னொரு பைலட் வந்து ஓட்டினார். அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு சன்னலோரம் உட்கார்ந்து போனார்கள்.

தீவில் ஓடுபாதை ஓரம் அண்ணன் நின்றிருந்தார். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது.

"நேத்துக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பா 'பொண்ணுங்க வந்தாச்சா, வந்தாச்சா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார்மா. எனக்குத் தாங்கல. நம்பரைச் சொன்னா நீ பயந்துடுவே, சொல்லலேன்னா நீ எப்படியாவது இறக்கிடுவேன்னு நெனச்சுட்டேன்."

"நான் பயப்படுறதுக்குத்தாண்ணா அந்த நம்பரே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ரிப்போர்ட்ல எழுதியாகணும்ணா."

"எழுதும்மா. எழுதலேன்னா எனக்குத் தூக்கம் வராது."

வீடு நிறைய உறவுக்காரர்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் மூத்தவளுக்கு முந்தின நாள் அடக்கியதெல்லாம் சேர்ந்து வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அழுது ஓய்ந்த நேரத்தில், வாசல் பக்கம் சித்தப்பாவின் குரல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி எழுந்தது.

"தலைக்கு மேல ரெண்டு தடவை சுத்திட்டுப் போனாளாம். பதினோரு வருஷ சர்வீஸ்! கொஞ்சம் தைரியம் இருந்திருந்தா பெத்த மகள் கையால ஒரு வாய் தண்ணி..."

"சித்தப்பா."

தங்கை எழுந்து நின்றிருந்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"நான் உள்ள உக்காந்திருந்தேன். பாறை சன்னல் வரைக்கும் வந்துச்சு. அந்தக் கொழந்தையோட அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு 'நாம செத்துடுவோமா'ன்னு கேட்டா. நீங்க அங்க இல்ல. இனிமே இந்தப் பேச்சு இந்த வீட்டுல வேண்டாம்."

சித்தப்பா வாசலிலிருந்து இறங்கிப் போனார்.

தங்கை வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நெருங்கி உட்காரவில்லை, ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டுத்தான். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"எனக்குக் கோவம் இன்னும் போகலக்கா."

"தெரியும்டி."

"போறதுக்கு நாளாகும்."

"ஆகட்டும்."