கீழே கிளம்பாத வேன்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தம்பி வேன் சாவியைத் திருப்பியதுமே, மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணன் காதுக்காரருக்கு விஷயம் விளங்கிவிட்டது. பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டிய மெக்கானிக். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார், அதனால் அங்கே அவருக்கு அந்தப் பெயர். கீழே ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கியது. பேட்டரி புதுசு. தம்பி வாசலில் வைத்துத் தன் கையாலேயே மாட்டிய மாற்று இன்ஜின் செகண்ட் ஹேண்ட் ஆனாலும் நல்ல இன்ஜின்தான். மிச்சம் இருப்பது ஒன்று: இன்ஜினுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே மாட்ட வேண்டிய எர்த் பட்டை. ஒரு முழம்கூட இருக்காது. அது இல்லாவிட்டால் கரண்ட் திரும்பிப் போக ஒழுங்கான வழி கிடையாது.

அது எங்கே போனது என்பதும் அவருக்குத் தெரியும். வியாழக்கிழமை பழைய இரும்புக்காரர் வேனிலிருந்து கழற்றிய பழைய இன்ஜினைத் தள்ளுவண்டியில் ஏற்றியபோது, அந்தப் பட்டை இன்ஜினோடு தொங்கிக்கொண்டு போனதைப் பால்கனியில் நின்று பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பேப்பரை விரித்தார்.

சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அண்ணனும் தம்பியும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. இவர் வேனுக்கு பிரேக் பார்த்துக் கொடுத்த ஒரு நாள், தெருவில் நாலு பேர் நிற்கும்போது தம்பி, "அண்ணனுக்குக் கை நடுங்குது. இனிமே வேற ஆள்கிட்ட விட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டான். கை நடுங்கியது உண்மைதான். பொய்யாக இருந்திருந்தால் அவ்வளவு சுட்டிருக்காது. அன்றிலிருந்து ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருந்துகொண்டு, தண்ணீர் மோட்டார் போடுகிற சேதிகூடத் தம்பி மனைவி வழியாகத்தான். பாவம் அந்தப் பெண், படி ஏறி இறங்கியே ஓய்ந்துபோனாள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அந்த வேன் துணி ஆலை வாசலில் நிற்க வேண்டும். ஆலை ஆட்களை ஏற்றி இறக்கும் ஒப்பந்தம், தம்பி நாயாய்ப் பேயாய் அலைந்து பிடித்தது. முதல் நாளே வண்டி வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். இதுவும் காதுக்காரருக்குத் தெரியும்.

தம்பி ஃபில்டரை மாற்றினான். ப்ளக்குகளைக் கழற்றித் துடைத்தான். ஸ்டார்ட்டரைக் கழற்றிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். மத்தியானம் ஆக்சிலேட்டர் கேபிள் சூடேறிப் புகைந்தது. ஒரு வண்டி இதைவிடத் தெளிவாக வாய்விட்டுச் சொல்லுமா? கரண்ட் வேறு வழியில்லாமல் கேபிளில் ஓடுகிறது. அந்தப் புண்ணியவான் கேபிளை மாற்றிக்கொண்டிருந்தான். மடப்பயல் என்று நினைத்தார் காதுக்காரர். கொஞ்சம் சந்தோஷமாகவே நினைத்தார்.

ஞாயிறு சாயங்காலம் தம்பி மனைவி மேலே வந்தாள்.

"மாமா, ரெண்டு நாளா அவர் சரியா சாப்பிடல. உங்களுக்கு ஏதாவது புரிஞ்சா சொல்லுங்களேன்."

"புரியாம என்ன? அஞ்சு நிமிஷ வேலை."

"அப்ப சொல்லுங்க, நான் போய்ச் சொல்லிடறேன்."

நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினார்.

"உன் மூலமா சொன்னதெல்லாம் போதும்மா. அவனே வந்து கேக்கட்டும். அண்ணே, வந்து பாருன்னு ஒரு வார்த்தை. அது போதும்."

அவள் இறங்கிப் போனாள். அவர் டிப்போ காலத்து நீலச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். டூல்ஸ் பெட்டியைக் கிளறி ஒரு எர்த் பட்டையைத் தேடி எடுத்துத் துடைத்து மேஜைமேல் வைத்தார். படியில் சத்தம் வரும் வரும் என்று காது கொடுத்து உட்கார்ந்திருந்தார். கீழே ஸ்டார்ட்டர் இரண்டு தடவை முனகியது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் படியில் தம்பியின் நடை கேட்டது. காதுக்காரர் அவசர அவசரமாக அந்த நீலச் சட்டையை மறுபடியும் மாட்டினார். தம்பி உள்ளே வரவில்லை, நிலைக்கு வெளியே நின்றான்.

"வேனை இழுத்துட்டுப் போக ஆள் வந்திருக்கு. உங்க ஸ்கூட்டர் வழியில நிக்குது, கொஞ்சம் நகர்த்துங்க."

"வித்துட்டியா?"

"ஆலை வேலை போச்சு. இதை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"டேய், அதுல எர்த் பட்டை மாட்டலடா. பழைய இன்ஜினோட போயிடுச்சு. இதோ இருக்கு பார். அஞ்சு நிமிஷம் குடு."

தம்பி பட்டையைப் பார்த்தான். சட்டையைப் பார்த்தான்.

"எப்பத் தெரியும்?"

இப்போதுதான் தோன்றியது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். முப்பத்தோரு வருஷப் பெருமை விட்டால்தானே?

"சனிக்கிழமை நீ மொத தடவை சாவி போட்டப்பவே. சத்தத்துலயே பிடிச்சுட்டேன்."

தம்பி கத்துவான் என்று பார்த்தார். கத்தியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"நேத்து இவ வந்து சொன்னா. நான்தான் நம்பல" என்றான் தம்பி. "அண்ணனுக்கும் பிடிபடல, அதான் ஏதோ சொல்லி அனுப்பியிருக்கார்னு சொன்னேன். தெரிஞ்சிருந்தா அவரே இறங்கி வந்திருப்பார்னு சொன்னேன்."

காதுக்காரர் மேஜைமேல் இருந்த பட்டையை எடுத்து நீட்டினார்.

"ஸ்கூட்டரை நகர்த்துங்க. அவங்க காத்துட்டிருக்காங்க."

அவர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய் ஸ்கூட்டரை நகர்த்தினார்.