ரேடியேட்டருக்கு நல்ல தண்ணீர்

ஜெபதுரை அத்தான் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தபோது காலை எட்டு மணி இருக்கும். வீட்டுக்குள் வரவில்லை. வாசலிலேயே செருப்போடு நின்றார்.

"வண்டி எங்கன?"

"பின்னால நிக்கி."

"நிக்கத்தானே தெரியும் அதுக்கு" என்றார்.

என் மனைவி அருள்மணிக்கு அவர் மூத்த அண்ணன். புதூரில் பருத்திக் கமிஷன் கடை வைத்திருக்கிறார். கல்யாணத்தின்போது எனக்கு அந்தப் பழைய ஆஸ்டின் காரைக் கொடுத்தவரும் அவர்தான். பசுவந்தனை பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கார் எதற்கு என்று ஊர் சிரித்தது. தங்கச்சி பஸ்ஸுக்குக் காத்து நிற்கக் கூடாது என்றார் அத்தான்.

சித்திரை மாதம், நடுப்பகலில் அவளுக்கு வலி எடுத்தது. கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். ஏழாவது மைலில் இஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. தண்ணீர் ஊற்றியும் கிளம்பவில்லை. பருத்திமாறு விறகு ஏற்றி வந்த மாட்டு வண்டியைக் காலி பண்ணி அவளை ஏற்றினேன். பிள்ளை வண்டியிலேயே பிறந்தது. பிள்ளை மட்டும்தான் பிழைத்தது.

பிள்ளையை அன்றே புதூருக்குத் தூக்கிப் போனார்கள். ஒன்பது மாதம் ஆகிறது. நான் நான்கு முறை போய்க் கேட்டேன். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குருவானவர் முன்னால் வைத்து அத்தான் சொன்னார்: "வண்டிக்குத் தண்ணி பார்க்கத் தெரியாதவன் பிள்ளையை எப்படிப் பார்ப்பான்?"

இஞ்சினைத் திறந்து பார்க்கலாம் என்றேன். கோளாறு என் மேல் என்றால் பிள்ளை புதூரிலேயே இருக்கட்டும். இல்லையென்றால் என்னிடம் தர வேண்டும். அவர் சம்மதித்தார். மெக்கானிக் தன் ஆளாக இருக்க வேண்டும் என்றார். நானும் சம்மதித்தேன். எனக்குப் பயம் இல்லை. நான் கெமிஸ்ட்ரி படித்தவன்.

மெக்கானிக்கின் பெயர் சுடலைக்கண்ணு. பேசாமல் வேலை பார்க்கிறவர். தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு மூடியைத் திறந்தார். முதலில் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். ஆயில் கம்பியை உருவி விரலில் தேய்த்து மோந்தார்.

"பெல்ட் நல்லாருக்கு. ஆயிலும் சரியா இருக்கு. தண்ணி கலக்கல."

"அப்பம் எதுக்கு நின்னுச்சு?" என்றார் அத்தான்.

"பொறுங்க மொதலாளி."

ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்தார். எதுவும் வரவில்லை. கம்பி விட்டுக் குத்தினார். கம்பி பாதியில் முட்டி நின்றது. பிறகு மேல் ரப்பர் குழாயைக் கழற்றி வெயிலில் பிடித்தார். உள்ளே ஒரு விரல் கனத்துக்கு வெள்ளையாகப் படிந்திருந்தது. சுண்ணாம்புக் காளவாயில் கிடக்கும் கல் போல.

அத்தான் என்னைப் பார்த்தார். சுடலைக்கண்ணு கொஞ்சம் சுரண்டி நாக்கில் வைத்துத் துப்பினார்.

"உப்புத் தண்ணி. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ஒரு வருசமா ஊத்தியிருக்கு. தண்ணி ஓட வழியே இல்ல. சூடு எங்கன போவும்? இஞ்சின் உள்ளயே இறுகிப் பிடிச்சிருச்சு."

இந்தக் கரிசல் காட்டில் காருக்கு மூன்று தண்ணீர்தான் உண்டு. ஊருணித் தண்ணீரில் களிமண் கலந்திருக்கும், குழாயை அடைக்கும். வீட்டுக் கிணற்றில் உப்பு. ஒரு மைல் தள்ளி ஒரு தோட்டத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிறது. ஊரே அங்கேதான் குடத்தோடு நிற்கும். அந்தத் தண்ணீர்தான் காருக்கு என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். ரேடியேட்டரில் சின்னக் கசிவு உண்டு; தினமும் அரைக் குடம் பிடிக்கும். காலையில் நான் டியூஷன் எடுக்கும்போது அருள்மணி ஊற்றுவாள்.

"நல்ல தண்ணிதான் ஊத்தினோம்" என்றேன்.

"பார்த்தா தெரியுதே வாத்தியாரே." மாப்பிள்ளை என்று கூப்பிடுவதை அத்தான் சித்திரையிலேயே விட்டுவிட்டார். "பன்னெண்டு மைல் ஓடத் துப்பில்லாம வண்டிய வச்சிருந்திருக்கான். பெறவு எந்தங்கச்சி எப்படிப் பிழைப்பா?"

"தண்ணி எடுத்துட்டு வந்த ஆளைக் கேளுங்க."

பக்கத்து வீட்டுச் சீனித்தாயைக் கூப்பிட்டேன். எங்களுக்குக் கூலிக்கு நல்ல தண்ணீர் சுமந்து தந்தவள் அவள். நான்கு பிள்ளைகள். என் பிள்ளை வந்தால், நான் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தாள்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"தினம் எத்தனை குடம் கொண்டு வந்தே?"

"மூணு, அண்ணாச்சி."

"காருக்கு எது?"

"நல்ல தண்ணிதான்." வெள்ளைப் படிவை அவள் பார்த்துவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"நல்ல தண்ணி ஊத்தினா இப்படி வராது சீனித்தாய்."

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

"தெரியும். சொல்லு."

வகுப்பில் கேட்பது போலத்தான் கேட்டேன். விடை வரும்வரை விடுவதில்லை. அவள் அத்தானைப் பார்த்தாள், பிறகு என்னை.

"அக்கா சொல்லக் கூடாதுன்னாவ."

"செத்துப்போயிட்டா. சொல்லு."

"மூணு குடத்துல ஒண்ணை எனக்கே திருப்பித் தந்துருவாவ" என்றாள். "எம்பிள்ளைக உப்புத் தண்ணி குடிச்சு வயித்தால போச்சுல்லா, அக்கா போறதுக்கு முந்தின வருசப் பங்குனியில இருந்து. 'நீ கொண்டு போ ஏட்டி, இரும்புக்கு என்ன நாக்கா இருக்கு'ம்பாவ. பெறவு கெணத்துல இறைச்சு வண்டிக்கு ஊத்துவாவ. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். கேக்கல."

சுடலைக்கண்ணு ஸ்பானரைக் கீழே வைத்தார்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். கோளாறு என் மேல்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிள்ளை போய்விடும். எனக்குப் பிள்ளை வேண்டும்.

"கேட்டீங்கல்ல அத்தான்" என்றேன். "நான் சொன்னது நல்ல தண்ணி. உப்புத் தண்ணி ஊத்தினது உங்க தங்கச்சி."

அவர் என்னை அறைந்தார். மூக்குக் கண்ணாடி தெறித்துப் போய் விழுந்தது. நான் குனிந்து எடுத்தேன். ஒரு பக்கம் கீறியிருந்தது.

"அவிய மேல பழியைப் போடாதீங்க அண்ணாச்சி" என்றாள் சீனித்தாய்.

"பழி இல்ல. நடந்தது. நீதான் சொன்னே."

அத்தான் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"உப்புத் தண்ணி ஊத்தினா இப்படி ஆவும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவகிட்டச் சொன்னியா?"

"நல்ல தண்ணி ஊத்துன்னு சொன்னேன்."

"அதைக் கேக்கல. ஏன்னு சொன்னியா?"

சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

"ஊரான் பிள்ளைகளுக்கு மணிக்கணக்கா விளக்கம் சொல்லுதே. உன் வீட்டுக்காரிக்கு அஞ்சு நிமிசம் இல்ல, என்ன?" அவர் குரல் உயரவில்லை. "சரி. குருவானவர் முன்னால ஒத்துக்கிட்டேன். திங்கக்கெழமை பிள்ளை வரும். வண்டிய நான் எடுத்துட்டுப் போறேன். உடைச்சு இரும்பாப் போட்டாலும் உங்கிட்ட விட மாட்டேன்."

"எடுத்துட்டுப் போங்க."

மாடு கட்டி வண்டியை இழுத்துப் போனார்கள். போகும்போது சுடலைக்கண்ணு மட்டும் என்னிடம், "சவுக்காரமும் சோடாவும் போட்டுக் காய்ச்சி ஊத்தியிருந்தா ஒருவேளை கரைஞ்சிருக்கும் சார்வாள், ஆரம்பத்துல பார்த்திருந்தா" என்றார். ஆறுதலாகச் சொன்னாரா, குத்தலாகவா என்று தெரியவில்லை.

சீனித்தாய் போகாமல் நின்றாள்.

"எம்பிள்ளைக குடிச்ச தண்ணியாலதான் அக்கா போனாவன்னு ஊரு சொல்லும்" என்றாள். "சொல்ல வச்சுட்டீங்க."

"பிள்ளை திங்கக்கிழமை வருது" என்றேன்.

"வேற ஆள் பாருங்க, அண்ணாச்சி."

திங்கட்கிழமை பத்து மணி பஸ்ஸில் அத்தான் வந்தார். இறங்கி நின்று பிள்ளையை நீட்டினார். அது அவர் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார்.

"சொன்ன சொல்லுக்காகத் தாரேன்" என்றார். "மன்னிச்சுட்டதா நெனைக்காதே."

அதே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

பிள்ளை வீறிட்டு அழுதது. தோளில் போட்டேன், நிற்கவில்லை. கையில் கிடத்தினேன், அதற்கும் நிற்கவில்லை. எப்படித் தூக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. தெருவழியாக வீட்டுக்கு நடந்தேன். சீனித்தாய் தன் வாசலில் நின்று எங்களைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.