தொண்ணூற்றேழு வைரஸ்கள்

வங்கி அட்டையிலிருந்த பதினாறு எண்களில் பன்னிரண்டை அடித்து முடித்துவிட்டார். ஒவ்வோர் எண்ணையும் அட்டையில் ஒரு தரம், விசைப்பலகையில் ஒரு தரம், திரையில் ஒரு தரம் என்று மூன்று தரம் சரிபார்த்துத்தான் அடுத்ததற்குப் போனார். முப்பத்தோரு வருடம் ஆலையில் பாய்லர் பார்த்த மனிதர். அவசரம் வந்தால் மற்றவர்களுக்குக் கை நடுங்கும், இவருக்குக் கை மெதுவாகிவிடும். வேலையை விட்டு இத்தனை காலம் ஆகியும் தெருவில் அவருக்குப் பெயர் பாய்லர்க்காரர்தான். திரையின் நடுவில் சிவப்புப் பெட்டி ஒன்று விட்டுவிட்டு எரிந்தது. ‘உங்கள் கணினி கடும் ஆபத்தில் உள்ளது. முழுப் பாதுகாப்புக்கு உடனே பணம் செலுத்தவும்.’ மூலையில் ஒரு கேடயப் படம், அதன் பக்கத்தில் ஓர் எண். இப்போது அது 388.

நான்கு நாட்களாக இந்தச் சிவப்பு. அன்றைக்குச் செய்தி படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெட்டி குறுக்கே வந்து, ‘உங்கள் கணினியைச் சோதிக்கலாமா?’ என்று கேட்டது. இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறதே என்று ‘சரி’யை அழுத்தினார். அழுத்தியதும் கேடயம் வந்து உட்கார்ந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு வைரஸ்கள் என்றது. அன்றிலிருந்து அவர் அந்த மேசையை விட்டு நகரவில்லை. பழைய பழக்கம் கையில் ஊறியிருந்ததால் ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டு, மணிக்கொரு தடவை குறித்துவந்தார். ஒன்பது மணி, 312. பத்து மணி, 319. பதினோரு மணி, 319, சத்தம் ஒரு முறை. கப்பலில் வேலை செய்யும் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தத் திரையில்தான் முகம் காட்டுவான். இயந்திரம் செத்துப்போனால் அந்த முகமும் போய்விடும் என்று பயந்தார். மருமகளிடம் சொல்லவில்லை. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் நாள் முழுக்க ஊராரின் பல்வலியைக் கேட்டுவிட்டு வருகிறவள். அவள் தலையில் இதையும் எதற்குக் கட்டுவது? நாமே பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தார், பாவம்.

பதின்மூன்றாவது எண்ணில் விரல் இருக்கும்போது மருமகள் உள்ளே வந்தாள். தோளில் பை அப்படியே இருந்தது.

“மாமா, நாலு நாளா தட்டை இங்கயே எடுத்துட்டு வந்து சாப்பிடுறீங்களே, அப்படி என்னதான் படம் ஓடுதுன்னு பாக்க வந்தேன்.” சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தவள் பையைக் கீழே போட்டாள். “ஐயையோ, கைய எடுங்க. முதல்ல கைய எடுங்க மாமா!”

“இரும்மா, இன்னும் நாலு நம்பர்தான்.”

“நாலு நம்பரை அடிச்சா மொத்தமும் போச்சு. இது வைரஸைப் பிடிக்கிறது இல்ல, இதுதான் வைரஸே. போன மாசம் எங்க டாக்டரம்மா கம்ப்யூட்டர்லயும் வந்து உக்காந்துச்சு. திருடன் போலீஸ் சட்டை மாட்டிக்கிட்டு வந்து, உங்க வீட்டுல திருடன் இருக்கான், கதவைத் தொறங்கன்னு சொல்ற மாதிரி.” அவளுக்குச் சிரிப்புக்கூட வந்துவிட்டது. “சும்மா பொய்யா எரியுது. அணைச்சு விட்டுட்டா சரியாப்போயிடும்.”

அணைப்பதற்காக அவள் நீட்டிய கையை அவர் தட்டிவிட்டார்.

“தொடாதே.”

இந்த வீட்டுக்கு அவள் வந்து ஏழு வருடம். ஒரு நாளும் அவர் அவளை அப்படிப் பேசியதில்லை. அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவருக்கும்தான். ஆனால் நாற்காலியைத் திரைக்கு முன்னால் இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளாலும் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

பொய்யாக எரிகிறது. இந்த வார்த்தையை அவரே ஒரு காலத்தில் சொல்லியிருந்தார், அச்சு மாறாமல் இதே வார்த்தையை. ஆலையின் சாயப்பட்டறைப் பாய்லரில் தண்ணீர் குறைந்தால் எரிகிற விளக்கு ஒன்று உண்டு. சில நாட்களாக அது காரணமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. எரியும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்ப்பார். தண்ணீர் சரியாக இருக்கும். மூன்று நாள் ஓடினார். நான்காம் நாள், “பொய்யா எரியுது அத்தான், அணைச்சு விடுறேன்” என்று சொல்லி, பல்பை அரைத் திருகு தளர்த்திவிட்டார். அடுப்புக் கதவருகே வேலை செய்த அத்தான், அக்காவின் கணவர், “உனக்குத் தெரியாததா மாப்பிள்ள” என்றார். மறுநாள் இவர் சாமான் அறைக்குக் கையெழுத்து வாங்கப் போயிருந்த நேரத்தில், பாய்லரில் உண்மையாகவே தண்ணீர் வற்றிவிட்டது. உள்ளே குழாய் வெடித்து, நீராவி அடுப்புக் கதவைப் பிய்த்துக்கொண்டு வந்தது. அத்தானை மூடிய போர்வையை விலக்கிப் பார்க்க யாரையும் விடவில்லை.

தண்ணீர் மட்டம் தெரியும் கண்ணாடிக் குழாயும் அடைத்துப்போயிருந்தது என்று விசாரணையில் எழுதினார்கள். பாய்லர் வற்றிக்கிடந்தபோதும் கண்ணாடியில் பாதிக்குத் தண்ணீர் நின்றது. விளக்கும் பொய், கண்ணாடியும் பொய், இதில் மனிதன் என்ன செய்வான்? கருவிக் கோளாறு என்று கோப்பை மூடினார்கள். பல்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வெடிப்பில் எல்லாம் சிதறியிருந்தது. “யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாதுக்கா” என்று அக்காவின் காலருகே உட்கார்ந்து சொன்னார். அவளும் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டே இருபத்தாறு வருடத்தை ஓட்டிவிட்டாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். இவரும் அதன் மேல்தான் இத்தனை நாள் படுத்துத் தூங்கினார்.

அக்காவின் கணவர் விபத்தில் போனது மருமகளுக்குத் தெரியும். பல்பு தெரியாது.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கோபம் இறங்கட்டும் என்று கொஞ்சம் பொறுத்தாள்.

“பொய்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்று அவரே கேட்டார். குரல் தணிந்திருந்தது. “ஒருவேளை நிஜமா இருந்தா?”

“சரி மாமா. நான் சொல்றதை நம்ப வேண்டாம். சோதிச்சே பாத்துடலாம்.”

பையைத் துழாவி, உறைகூடப் பிரிக்காத ஒரு பென்டிரைவை எடுத்தாள். ஆஸ்பத்திரிக்கு வாங்கியது. உறையை அவர் கையிலேயே கொடுத்துக் கிழிக்கச் சொன்னாள். கணினியில் செருகி, திறந்து காட்டினாள். வெள்ளை வெளேரென்று இருந்தது.

“உள்ள ஏதாவது இருக்கா?”

“ஒண்ணும் இல்ல.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க, அப்புறம் என்மேல பழி போடக் கூடாது.”

“ஒண்ணும் இல்லம்மா.”

“இப்ப உங்க காவல்காரனைக் கூப்பிட்டு இதைச் சோதிக்கச் சொல்லுங்க.”

அவரே அழுத்தினார். பச்சைப் பட்டை ஒன்று இடமிருந்து வலமாக ஊர்ந்தது. கோப்புகளின் பெயர்கள் மளமளவென்று ஓடின. பிறகு சத்தத்தோடு சிவப்புப் பெட்டி வந்தது. ‘இந்த பென்டிரைவில் 97 வைரஸ்கள் கண்டுபிடிக்கப்பட்டன.’

“ஒண்ணுமே இல்லாத இடத்துல தொண்ணூத்தேழு,” என்றாள் மருமகள். “சுத்தமான வாயில எத்தனை சொத்தைப் பல்லுன்னு எண்ணிச் சொல்றான் பாருங்க. எங்க டாக்டரம்மாவே இப்படிப் பிழைக்க மாட்டாங்க.”

அவர் சிரிக்கவில்லை. மறுபடி ஒரு தரம் சோதிக்கச் சொன்னார். 97. மூன்றாம் தரமும் அதேதான். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“தண்ணியே இல்லாத பாய்லர்ல கண்ணாடி தண்ணி காட்டுற மாதிரி,” என்றார் மெதுவாக.

“அதேதான் மாமா. பாத்தீங்களா, எவ்வளவு சுலபமாப் புரிஞ்சுக்கிட்டீங்க!”

“இதைச் சோதிக்க எவ்வளவு நேரம் ஆச்சு?”

“என்ன, ரெண்டு நிமிஷம் இருக்குமா?”

“ரெண்டு நிமிஷம்,” என்றார்.

அவள் வேலையில் இறங்கிவிட்டாள். முதலில் இணையக் கம்பியைப் பிடுங்கினாள். கணினியை அணைத்து, அவசியமானவை மட்டும் ஓடுகிற பாதுகாப்பு நிலையில் மறுபடி திறந்தாள். அங்கே கேடயத்தால் வாலாட்ட முடியவில்லை. நிறுவிய மென்பொருள்களின் பட்டியலில் நான்கு நாளைக்கு முந்தைய தேதியில் இருந்ததைத் தேடிப் பிடித்து நீக்கினாள். கணினி திறக்கும்போதே அதுவும் எழுந்துகொள்ளும்படி எழுதிவைத்திருந்த வரியையும் அழித்தாள். ஆஸ்பத்திரியில் பயன்படுத்தும் நிஜமான வைரஸ் தடுப்பானைத் தன் இன்னொரு பென்டிரைவிலிருந்து ஏற்றி, முழுதாகச் சோதிக்க விட்டாள். “அட்டை நம்பரை முழுசா அடிக்கலையே, தப்பிச்சோம். எதுக்கும் நாளைக்குக் காலையில பேங்க்குக்குப் போன் பண்ணி வேற கார்டு வாங்கிடலாம்,” என்றாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எதுவும் காதில் ஏறவில்லை.

கண்ணாடிக் குழாயின் அடியில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் திறந்தால் குழாயில் நிற்கும் தண்ணீர் முழுக்க வடிந்துவிட வேண்டும். மூடினால் பாய்லரிலிருந்து தண்ணீர் குபீரென்று மேலே ஏற வேண்டும். ஏறினால் கண்ணாடி உண்மை சொல்கிறது, ஏறாவிட்டால் பொய். வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் பொறுப்பேற்றதும் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும். அத்தானுக்கே அவர்தான் செய்து காட்டினார். இரண்டு நிமிடம்கூட ஆகாது. அதற்கு முன் மூன்று நாள் விளக்குக்காக ஓடி ஓடி அலுத்துப்போய், அன்று காலையில் கண்ணாடியில் தண்ணீர் நின்றதைக் கண்ணால் பார்த்ததே போதும் என்று விட்டுவிட்டார். நோட்டில் மட்டும் ‘சோதித்தேன்’ என்று எழுதினார். இருபத்தாறு வருடத்தில் இது தெரியாமல் இல்லை. தெரிந்த இடத்தின் பக்கமே போகாமல் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார், அவ்வளவுதான். இப்போது இந்தப் பெண் அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து அங்கேயே நிறுத்திவிட்டுப் போகிறாள்.

“முடிஞ்சுது மாமா!” என்று அவள் கையைத் தட்டினாள். திரையில் நீலம் மட்டும் இருந்தது. மூலையில் கேடயம் இல்லை, எண் இல்லை. “இப்ப நிம்மதியா? நாலு நாளா சரியாத் தூங்கலை நீங்க. கண்ணைப் பாருங்க, எப்படி உள்ள போயிருக்குன்னு. டீ போடட்டுமா?”

“அப்புறம் போடலாம்,” என்றார். “உன் அத்தைக்கு ஒரு போன் போட்டுக் குடும்மா.”

“பெரியத்தைக்கா? இன்னைக்கு வியாழக்கிழமைதானே? நீங்க ஞாயித்துக்கிழமைதானே பேசுவீங்க?”

“போடு.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். எண்ணை அழுத்தி அவர் காதில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள். மூன்று முறை மணி அடித்த பிறகு அக்கா எடுத்தாள்.

“என்னடா தம்பி, கிழமை மறந்துபோச்சா? இல்ல, நான் செத்துட்டேன்னு எவனாவது சொன்னானா?”

அக்கா பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். மூட்டுவலிக்குப் புது மருந்து, மாடியில் காயப்போட்ட போர்வை காற்றில் பறந்து பக்கத்து வீட்டுக்காரி தலையில் விழுந்தது, அவள் அலறிய அலறல். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எழுபத்து நான்கு வயதிலும் அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

“அக்கா,” என்றார். “அத்தான் விஷயம்.”

சிரிப்பு நின்றது. அந்தப் பக்கம் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, ரேடியோவோ என்னவோ, அதுவும் நின்றது.

“அன்னைக்கு நான் உன்கிட்ட ஒண்ணு சொன்னேன்ல,” என்றார். அதற்கு மேல் வரவில்லை.

“இரு,” என்றாள் அக்கா. “உக்காந்துக்கிறேன்.”

பிறகு, வெகு தூரத்தில் அந்த வீட்டில், ஒரு நாற்காலி தரையில் மெல்ல இழுபடும் சத்தம் கேட்டது.