மட்காட் இல்லாத ஜீப்

இறக்காமத்து வயல் சேற்றில் புதையாமல் ஓடுவதற்காக ஜவுபர் தன் பழைய ஜீப்புக்கு அகலமான டயர்களைப் பூட்டினான். அவை உரசியதால் சக்கரங்களை மூடும் நான்கு மட்காட்டுகளையும் வெட்டி எறிந்தான். டயர்கள் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன.

கல்முனைச் சந்தியில் பொலிஸ்காரர் மறித்தார்.

"டயரை மூடாம றோட்டில ஓடுறது சட்டத்துக்கு மாறு. அகலமா மட்காட் போடுங்க."

"வெள்ளாம வெட்டு முடியட்டும் ஐயா. இப்ப போட்டா சேறு அடைச்சிரும்," என்றான் ஜவுபர். அவர் எச்சரித்து விட்டுவிட்டார்.

அந்தக் கிழமையே சரளைக்கல் பரப்பிய கிறவல் றோட்டில், ஜீப்பின் பின்னால் சைக்கிளில் வந்த மச்சான், தங்கை சுபைறாவின் புருசன் காலிதீனின் கண்ணில் டயர் எறிந்த கல் பட்டது. காலிதீன் தையற்காரன். அம்மைநோயில் மற்றக் கண் முன்பே போயிருந்தது. இதையும் ஆஸ்பத்திரியில் காப்பாற்ற முடியவில்லை.

ஜவுபர் டயர்களை முழுதாக மூடும்படி தகரத்தில் மட்காட் செய்வித்துப் பூட்டினான். பொலிஸ்காரர் பார்த்து, சரி என்றார். அங்கிருந்து நேரே தங்கை சுபைறாவின் வீட்டுக்குப் போனான். அவள் காலிதீனுக்கு மீனில் முள்ளை நீக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மட்காட் போட்டுட்டன் தங்கச்சி."

"இனிப் போட்டு என்னத்துக்கு காக்கா?" என்று அண்ணனைக் கேட்டாள்.

காலிதீன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். "மச்சானா? உள்ளுக்கு வாங்க, சோறு தின்னுவம்."

ஜவுபரால் படியேற முடியவில்லை.