மாத்திரை சேர்க்காத பொடி

அவசரப் பிரிவின் கடைசிக் கட்டிலில் வெல்டர் கிடந்தார். உடம்பு செக்கச் சிவந்து, அதன்மேல் குண்டூசித் தலை அளவுக்குச் சீழ்க் கொப்புளங்கள். தொட்டால் அனல். ஆனால் அவரோ குளிரில் வெடவெடத்துக்கொண்டிருந்தார்.

கால்மாட்டில் கம்பவுண்டர் நின்றார். கிடப்பது அவருடைய அக்காவின் கணவர். பத்து மாதமாகத் தான் அரைத்துக் கொடுத்த பொடியைத் தின்ற உடம்பு.

வெல்டருக்குச் சொரியாசிஸ் வந்து பன்னிரண்டு வருடம். உடம்பின் காவல்படையே தோலைப் பகையாளி என்று நினைத்து அடிக்கும் நோய், தொற்றவே தொற்றாது என்று எத்தனை டாக்டர் சொன்னாலும் பஸ் பணிமனையில் அவர் குடித்த டம்ளரை எவரும் தொடவில்லை. "அண்ணே, வெல்டிங் வச்சா பொறிதான் பறக்கும். உங்க தோல் செதிலும் சேர்ந்து பறக்குதே" என்று ஒருத்தன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அன்றே வேலையை விடுகிறேன் என்று வந்து நின்றார். அக்கா, மருந்துக்கடை வைத்திருந்த தம்பியிடம் ஓடி வந்தாள்.

தம்பி பொடி செய்தார். மூன்று வேர், இரண்டு இலை. யாருக்கும் தெரியாமல் அரைத்துக் கலந்த ஸ்டீராய்டு மாத்திரை. பத்தே நாளில் செதில் போன இடம் தெரியவில்லை. கைராசிக்காரர் என்று பேர் பரவியது. நாற்பது பேர் பொட்டலம் வாங்க ஆரம்பித்தார்கள். வெல்டரின் முகம் உப்பியபோதுகூட, என் கைச்சோறு இப்பத்தான் ஒட்டுது என்று அக்கா பூரித்துப் போனாள்.

போன மாதம் பொடி வாங்கும் அம்மா ஒருத்திக்குச் சர்க்கரை கன்னாபின்னாவென்று ஏறியது. அது மாத்திரையின் வேலைதான் என்று கம்பவுண்டருக்குத் தெரிந்தது. போதும் இந்தப் பாவம் என்று அடுத்து அரைத்த பொடியில் மாத்திரையைச் சேர்க்கவே இல்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. திருந்திவிட்டோம் என்ற நிறைவில் அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

அது நடந்து ஒன்பது நாள்.

தோல் டாக்டரம்மா ரத்த அழுத்தக் கருவியை மூன்றாம் முறையாகப் பார்த்தார். கிருமி என்று மருந்து ஏற்றியும் அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. தம்பியின் பக்கத்தில் நின்ற அக்காவிடம் திரும்பினார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா, இவர் என்னென்ன மருந்து சாப்பிட்டாரு? ஸ்டீராய்டு சாப்பிட்டுட்டு திடீர்னு நிறுத்துனாத்தான் இப்படிக் கொப்புளிக்கும், பிரஷரும் விழும். உடம்பு தானா அதைச் சுரக்கிறதை மறந்திருக்கும். அப்படின்னா நான் அதையே ஊசியில போடணும். சாப்பிடாதவருக்கு இந்த நோயில போட்டா பின்னாடி இன்னும் மோசமாகும்."

"என் தம்பி மருந்து மட்டும்தான் டாக்டர். சுத்த மூலிகை" என்றாள் அக்கா, தம்பியின் தோளில் கை வைத்தபடி.

கம்பவுண்டர் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார். மாத்திரை கலந்ததைவிட, சொல்லாமல் கொள்ளாமல் எடுத்தது கொல்கிறதா? வாயைத் திறந்தால் கடைக்குப் பூட்டு, கைக்கு விலங்கு, அக்கா முகத்தில் விழிக்க முடியாது. திறக்காவிட்டால் அக்காவுக்குப் புருஷன் இல்லை.

"கலந்தேன் டாக்டர். தினம் இருபது மில்லிகிராம். ஒன்பது நாளா சேர்க்கல."

டாக்டர் அவரைத் திட்டக்கூட நேரம் ஒதுக்கவில்லை. ஊசி ஏறியது, பாட்டில் மாறியது. அக்கா தம்பியின் தோளிலிருந்த கையை எடுத்துக்கொண்டு கட்டிலின் அந்தப் பக்கம் போய் நின்றாள்.

ஒரு மணி நேரத்தில் அழுத்தம் மெல்ல ஏறியது. இனி ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும், ஈரலைச் சோதித்து முறையான மருந்து தொடங்க வேண்டும் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு டாக்டர் நிமிர்ந்தார்.

"அந்தப் புதுப் பொடி இன்னும் யார் யார்கிட்ட இருக்கு?"

"நாற்பது பேர்கிட்ட" என்றார் கம்பவுண்டர்.

டாக்டர் தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினார். எல்லோரையும் உடனே இங்கே வரச் சொல்லச் சொன்னார். ஆறு பேர் கிடைத்தார்கள். இரண்டு பேருக்கு ஏற்கெனவே காய்ச்சல். ஏழாவது எண்ணில் ஒரு பெண் எடுத்தாள்.

"கம்பவுண்டர் ஐயாங்களா? அப்பா முந்தாநாள் தவறிட்டாருங்க. சோறு இறங்காதப்பவும் உங்க பொடியை மட்டும் ஒரு வேளை விடலைங்க."

அவள் அழுதுகொண்டே நன்றி சொல்லி வைத்தாள். டாக்டர் அடுத்த எண்ணைக் கேட்டார்.