தம்பிக்கு வந்த காணி

பேசி முடித்த பிறகும் மிஸ்டர் ஹல்போர்ட் தொலைபேசியைக் கீழே வைக்கவில்லை. சூப்போடு வந்த வேரோனிக்காதான் அதை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

“அண்ணன் போய்விட்டான்” என்றார் ஆங்கிலத்தில். பிறகு, “காணி எனக்கு வந்துவிட்டது” என்றார்.

ரொறொன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் இருந்த அந்தச் செங்கல் வீட்டுக்கு அவள் எண்பத்தைந்தாம் ஆண்டிலிருந்து பகலில் வந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு எண்பது கடந்துவிட்டது. மனைவி இல்லை, பிள்ளைகளும் இல்லை. இங்கிலாந்தில் அவர்களுக்குப் பெரிய பண்ணை இருந்தது அவளுக்குத் தெரியும். அன்றைக்குத்தான் முழுவதையும் சொன்னார். காணி துண்டுபடக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தின் பிடிவாதம். தகப்பனின் உயிலில் எல்லாமே மூத்த மகனுக்கு, பிறகு அவனுடைய ஆண்பிள்ளைகளுக்கு. அவனுக்கு ஆண்பிள்ளை இல்லாமற் போனால் மட்டும் இளையவனுக்கு. இளையவனுக்கு அப்போது கிடைத்தது கப்பல் டிக்கெற் ஒன்றுதான். ரொறொன்ரோவுக்கு வந்தவர் ஒரு தளபாடக் கடையில் விற்பனையாளராக நின்றே கிழவரானார்.

“அண்ணருக்குப் பிள்ளைகள் இல்லையா?”

“ஒரு மகள், எலனர். கல்யாணம் செய்யவில்லை. பண்ணையை அவள்தான் நடத்துகிறாள்.”

“இனி எலனர் எங்கே போவார்?”

மிஸ்டர் ஹல்போர்ட் சூப்பைக் கிளறினார். வேரோனிக்கா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் சேரும் என்றாள். ஆண்பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். பெண்சாதி வீட்டுக்குப் போவார்கள் என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. மன்னாரில் தன் சீதன வீட்டில் இப்போது ஆமிக்காரர் இருப்பதை அவள் சொல்லவில்லை.

மறுநாளே பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க வேண்டுமென்றார். சவரம் செய்துவிடச் சொன்னார். டாக்சியில் போகும்போது, பண்ணையில் ஆடுகள் குட்டி போடும் காலத்துக்கு முன் போய்விட வேண்டும் என்று சாரதியிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த வாரம் எலனர் தொலைபேசி எடுத்தாள். ஆறுதலான குரல். சித்தப்பாவோடு பேசலாமா என்றாள். அவர் கையை அசைத்து வேண்டாமென்றார். தூங்குகிறார் என்று வேரோனிக்கா பொய் சொன்னாள். இரண்டாம் முறையும் அதே பொய். அப்போது எலனர், “நான் எப்போது வெளியேற வேண்டும் என்று மட்டும் கேட்டுச் சொல்வீர்களா?” என்றாள்.

வேரோனிக்கா பக்கத்து மில்லிக்கனில் கிளடிஸ் மச்சாளோடு ஒரு பேஸ்மென்ற்றில் இருந்தாள். சாப்பிடும்போது அதைச் சொன்னாள்.

“கிழவன்ர காணி, கிழவன்ர குடும்பம். உனக்கேன் உந்தத் தலையிடி?” என்றாள் கிளடிஸ். “வேலை போனா ஆர் தருவினம்?”

“ஓம். ஆனா மச்சாள், அந்த மனிசி அழவுமில்லை. எப்ப போறதெண்டுதான் கேக்கிறா. கிழவன் நித்திரை எண்டு அவவிட்ட இன்னொருக்கா என்னால சொல்லேலாது.”

மூன்றாம் முறை எலனர் எடுத்தபோது வேரோனிக்கா தொலைபேசியை வயரோடு இழுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். அவர் முறைத்தார். அவள் போகவில்லை. கடைசியில் காதில் வைத்தார். வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“ஓடைப் பக்கத்து அறையில் இப்போது யார் படுக்கிறார்கள்?” என்றார்.

எலனர் சொன்னது வேரோனிக்காவுக்குக் கேட்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“அது என்னுடைய அறை” என்றார். பிறகு, “நீ அதிலேயே இரு” என்றார்.

மார்ச் கடைசியில் அருள்நாயகம் என்ற இளம் லோயர் கடதாசிகளோடு வந்தார். அவர் வேரோனிக்காவைக் கண்டதும், “அன்ரி, தேத்தண்ணி கிடைக்குமோ?” என்றார். தேநீரோடு அவள் திரும்பி வந்தபோது அவர் ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். எலனர் உயிரோடு இருக்கும்வரை வீடும் காணியும் அவளுடைய கையில். மிஸ்டர் ஹல்போர்ட் இங்கிலாந்துக்குப் போகப்போவதில்லை.

“எலனருக்குப் பிறகு யாருக்கு?” என்று லோயர் கேட்டார்.

அந்தக் குடும்பத்தில் அவளுக்குப் பின் எவரும் இல்லை. லோயர் பேனாவைக் கடதாசியில் வைத்தபடி காத்திருந்தார். யாராவது ஒருவரின் பெயர் போதும் என்றார்.

கிழவர் முகத்தைத் திருப்பி வேரோனிக்காவைப் பார்த்தார்; ஏதோ ஒரு பெயர் அவளுக்கு ஞாபகம் இருக்கும் என்பதுபோல. வெளியே கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. கிழவரின் கையிலிருந்த தேநீரிலிருந்து எழுந்த ஆவி அவருடைய கண்ணாடியில் மெல்லப் படிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.