ஐம்பத்தெட்டு பைட் பாக்கி

நான் எழுதிய மென்பொருள் மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. எனக்குத் தலைக்கனம் ஏற அது போதாதா?

அக்காவின் கேக் கடை. முன்னறையில் அக்கா வாழ்த்தைத் தட்டினால், பின்கட்டுச் சமையலறையில் இருக்கும் மிஷின் அதைக் கேக்கின் மேல் சாக்லேட்டால் எழுதும். கேக் செய்பவர் மாமா, அக்காவின் வீட்டுக்காரர். நான் வேலை போனபின் அவர்கள் மாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் தண்டச்சோறு. இது மாமாவின் வார்த்தை. என் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார். மாடிக்குக் கேட்கிற மாதிரி அக்காவிடம் சொல்வார்.

அன்று காலை கூட்டம். அக்கா இரண்டு ஆர்டரை மளமளவென்று தட்டிவிட்டாள். ஓய்வுபெறும் அதிகாரியின் கேக்கில் மிஷின் எழுதியது: "முப்பது வருட உழைப்புக்கு நன்றி ஐயா இனியாவது ராத்திரியில் தூங்கு செல்லக்குட்டி."

மாமா அக்காவைப் பார்த்து, "மத்தியானத்துக்குள்ள சரியாகலன்னா மிஷினும் வெளிய, அவனும் வெளிய" என்றார்.

எனக்குப் போக்கிடம் கிடையாது. தப்பும் என்னுடையதே. ஒருமுறை அனுப்பியது ஒரே முறையில் வந்து சேரும் என்று நம்பிவிட்டேன். கணினியும் மிஷினும் பேசிக்கொள்ளும் சாக்கெட்டில் வருவது குழாய்த் தண்ணீர் மாதிரி; எந்தச் சொம்பு எங்கே முடிந்தது என்று அதற்குத் தெரியாது. இரண்டு செய்தி ஒட்டி வரும். ஒரே செய்தி உடைந்தும் வரும். சோதித்தபோது நான் ஒவ்வொன்றாக, ஆற அமர அனுப்பியிருந்தேன்.

தீர்வு சுலபம். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை அனுப்ப வேண்டும். அத்தனையும் வந்து சேரும்வரை மிஷின் எழுதக் கூடாது. அவசரத்தில் நான் எழுத்துகளை எண்ணித் தொலைத்தேன். எண்ண வேண்டியது பைட்டை, கணினி எழுத்தைச் சேமிக்கும் சின்ன அலகை. தமிழில் ஓர் எழுத்தே மூன்று, ஆறு என்று விழுங்கும். மிஷின் 'பிறந்தந' என்று எழுதிவிட்டு நின்றது. மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

அதையும் திருத்தினேன். மணி பதினொன்றரை. அக்கா வெறும் கேக் ஒன்றை மிஷினில் வைத்தாள். நான் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்து, "யாராவது நீளமா ஒண்ணு தட்டுங்க!" என்று கத்தினேன். முன்னறையில் மாமாதான் இருந்தார். ஒற்றை விரலால் தட்டும் சத்தம் கேட்டது.

வந்து சேர்ந்த வரைக்கும் என் திரையில் தெரிந்தது: "மாப்ள எதுக்கும் லாயக்கில்லாதவன்னு உங்கக்காகிட்ட தினமும் சொன்னேன்." அதற்குக் கீழே: 58 பைட் பாக்கி.

பாக்கியை யார் பார்த்தார்கள்? விருட்டென்று எழுந்து முன்னறைக்கு ஓடினேன்.

"மாமா, நான் லாயக்கில்லாதவனா? கறிக்கடைப் பலகை மாதிரி கெட்டியா கேக் பண்றவர் நீங்க! உங்க கேக்கை வாங்கறதே என் எழுத்துக்காகத்தான்!"

சமையலறையில் மிஷின் அப்போதுதான் அசைய ஆரம்பித்தது. அது எழுத எழுத அக்கா அங்கிருந்தே உரக்கப் படித்தாள்: "...உங்கக்காகிட்ட தினமும் சொன்னேன். இனிமே சொல்ல மாட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது.

மாமா முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "அனுப்பினதைத் திரும்ப வாங்க வழி ஏதும் வச்சிருக்கியா, மாப்ள?"

"இல்ல மாமா" என்றேன்.